பெயர் தெரியாத வைரஸ்

ஓமலூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் அக்சிலியா. வைரஸ் புகுந்து, கோப்புகளெல்லாம் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆன்டிவைரஸ் போட்டிருந்தோமே என்பார்கள். சேர்த்துவைத்த கல்யாணப் படங்கள் அத்தனையையும் பறிகொடுத்த ஒரு போட்டோகிராபரை வெறுங்கையோடு அனுப்பிய அன்று அக்சிலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படிக் கோட்டைவிட்டது என்று தோண்டத் தொடங்கினார். ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் பட்டியலை வைத்துத்தான் அந்த ஆன்டிவைரஸ் ஆளை அடையாளம் பார்த்தது. நேற்றுப் பிறந்த வைரஸ் அதில் எப்படி இருக்கும்?

நாமக்கல்லில் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்றில் கம்ப்யூட்டர் பொறுப்புக்கு வந்ததும், அங்கேயும் அதே பட்டியல் வகை ஆன்டிவைரஸ் இருந்ததைக் கண்டு மாற்றச் சொன்னார். முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் இயந்திரங்களே அங்கே கம்ப்யூட்டர் சொல்படிதான் ஓடின. முதலாளி நவநீதகிருஷ்ணன் அசையவில்லை.

"இருக்கறது நல்லாத்தான ஓடுது, அம்மிணி?"

அக்சிலியா வாதாடவில்லை. கோப்புகளை வரிசையாகப் பூட்டும் சிறிய புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி, சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் அவர் கண்முன்னால் ஓடவிட்டார். பழைய ஆன்டிவைரஸ் வாய் திறக்கவில்லை. அவர் போடச் சொன்ன புதியது பெயரைத் தேடாமல் நடத்தையைக் கவனித்தது, சட்டென்று நிறுத்தியது. முதலாளி சரி என்றார்.

மாற்றிய நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குஞ்சு ஆர்டர் என்று வந்த மின்னஞ்சலை அலுவலகத்துத் தனப்பிரியா திறந்தாள். திரையில் சிவப்பு எச்சரிக்கை. அவள் அக்சிலியாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டனுங்க."

அக்சிலியா ஓடிவந்தார். பதினான்கு கோப்புகள் பூட்டப்பட்டிருந்தன. பதினைந்தாவதைத் தொடுமுன் வைரஸின் கழுத்தில் பிடி விழுந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரை மற்றவற்றிடமிருந்து ஆன்டிவைரஸே துண்டித்திருந்தது. பூட்டியவற்றையும் முன்பே எடுத்துவைத்த நகலிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தது.

"ஏமாத்தறதுக்குன்னே செஞ்சதும்மா இது. உன்மேல தப்பில்ல. பாரு, மாட்டிக்கிச்சு."

சொன்ன கையோடு பொரிப்பறைக்கு ஓடினார். இயந்திரங்களில் சூடு இம்மியும் பிசகவில்லை. நான்கு லட்சம் முட்டைகள் பத்திரமாக இருந்தன. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்த வைரஸின் பெயர் பழைய ஆன்டிவைரஸின் பட்டியலில் ஏற இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் அதே மின்னஞ்சலைத் திறந்த வெளியூர் அலுவலகங்கள் சில முடங்கிப்போயிருந்தன.

சனிக்கிழமை குஞ்சுகள் பொரிந்தன. காது அடைக்கும் கீச்சொலிக்கு நடுவே நவநீதகிருஷ்ணன், பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் வந்து இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மேடையேறிப் பழக்கமில்லாதவர்தான், ஆனாலும் அக்சிலியா ஒரு மணி நேரம் தடுமாறாமல் பேசினார். இறங்கியபோது ஒன்பது ஹேச்சரிக்காரர்கள், எங்கள் ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.