நோட்டீஸில் நான் சேர்த்த வரி

சட்டமன்ற வேட்பாளர் ஒருவரின் நோட்டீஸை டைப் செய்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் நோட்டீஸ்களை டைப் செய்து டிசைன் செய்வது என் வேலை. ‘வெளியூர் போகும் வேலையை உள்ளூருக்குத் திருப்புவோம்’ என்று அந்த அம்மா எழுதியிருந்தார். காலண்டர் அச்சாவது இங்கே, டிசைன் மட்டும் சென்னையிலிருந்து வருகிறதே! உற்சாகத்தில், ‘உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவச டிசைன் பயிற்சி’ என்று நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

புரூஃப் பார்க்க வேட்பாளரே வந்தார். அந்த வரியில் அவர் விரல் நின்றது.

“இது நான் எழுதலையே?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏலே, வாக்குறுதி குடுக்க நீ என்ன வேட்பாளரா? நாளையிலேருந்து வராத!”



“விடுங்க அண்ணாச்சி, யோசனை நல்லாத்தான் இருக்கு” என்ற வேட்பாளர், என்னிடம் சொன்னார்: “ஆனா தம்பி, யாரு சொல்லிக் குடுப்பா, எங்கன வச்சுன்னு தெரியாம நான் எப்படி வாக்குக் குடுக்க? இப்ப எடுத்துருங்க. நீங்க நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துக் காட்டுங்க, நானே மேடையில பேசுறேன்.”

வேலை தப்பியது, அவர் மீது மதிப்பு இரட்டிப்பானது. அடுத்தவர் எழுதியதில் இப்போதெல்லாம் ஒரு புள்ளிகூடச் சேர்ப்பதில்லை. முதலாளியிடம் கெஞ்சி ஞாயிறுகளில் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுமதி வாங்கிவிட்டேன். பிளஸ் டூ முடித்துவிட்டு, பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போக எங்கள் தெருவில் வேனுக்குக் காத்து நிற்கும் நான்கு பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். முதல் பாடமாக, அடுத்த வருடக் காலண்டருக்கு ஒரு முருகன் படத்தை டிசைன் செய்யப் போகிறோம்.