ஆற்றோரத் தெருவுக்கு வந்த அறிவிப்பு

அணை அலுவலகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் அவள் ஒப்பந்த வேலையில் இருந்தாள். பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மேசை, கடகடவென்று ஓடும் ஒரு மின்விசிறி, கூரை ஒழுகும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அவளுடைய வேலை படிப்பது. அதிகாரி கொடுக்கிற தாளை வாங்கிக்கொண்டு, கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வேனில் ஏறி, ஆற்றோரத் தெருக்களில் படித்துக்கொண்டே போக வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாள், மதகு திறக்கும் நாள், ஆற்றில் இறங்கக் கூடாத நாள், எல்லாம் அவள் வாயால்தான் தெருவுக்குத் தெரியும். கணீரென்ற குரல். தெருக்காரர்கள் அவளுக்கு ‘மைக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “மைக்கு வந்துட்டுப் போயிடுச்சு, குடத்தைப் புடிச்சு வை” என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், படித்துக்கொண்டு போகும்போது வேனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு யாராவது கூடவே நடந்து வருவார்கள். தண்ணீர் எப்போது திரும்ப வரும், கலங்கல் ஏன், போன மாதம் கேட்டது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அவள் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு வந்து அதிகாரியிடம் ஒப்பிப்பாள். அதிகாரி கெட்டவர் இல்லை. அவள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மனிதர். ஆனால் ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“நாம சொல்றதுக்குத்தாம்மா இருக்கோம். கேட்டுக்கிட்டு வந்தா பதில் சொல்லணும். பதில் என்கிட்ட இல்ல. மேல போய்க் கேட்டா, உனக்கு எதுக்குய்யா அதெல்லாங்கறாங்க. ஊதுற சங்க ஊதிட்டு வந்துடு.”

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கப் பழகினாள். வேன் ஓட்டுநருக்கும் அதுதான் வசதி. அவரை எல்லாரும் ‘ஹாரன்’ என்று கூப்பிட்டார்கள். வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் வந்த பெயர்.

அந்தத் தெருவிலேயே, ஆற்றுக்கு மிக அருகே, அவளுடைய அக்கா இருந்தாள். அக்கா புருஷன் இஸ்திரிக்காரர். ஊர்த் துணியெல்லாம் அவர் வீட்டு முன்னறையில்தான் அடுக்கடுக்காக இருக்கும். போன மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, வெளியேறுங்கள் என்று அவள் படித்துக்கொண்டு போனாள். தங்கச்சி சொல்கிறாளே என்று முதல் ஆளாகக் கிளம்பியது அக்காதான். அவளைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். தங்கச் சொன்ன பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகுட்டிகளோடு விடிய விடிய மழையில் நின்றார்கள். வெள்ளமும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பல வீடுகளில் பூட்டு உடைந்திருந்தது. மாமாவின் இஸ்திரிப் பெட்டிகளைக் காணோம், அடுக்கி வைத்த துணிகளையும் காணோம். வீடு வீடாகப் போய், உங்கள் சட்டை தொலைந்துவிட்டது, உங்கள் சேலை தொலைந்துவிட்டது என்று மாமா தலைகுனிந்து சொல்லிவிட்டு வந்தார்.

மாமா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள், “உன் வாயக் கேட்டுக் கெட்டோம்” என்று. அன்றோடு பேச்சு நின்றது. வேன் வரும் சத்தம் கேட்டால் அக்கா வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். உள்ளே அக்கா நிற்பது தெரிந்தும் இவள் படித்துக்கொண்டே கடந்து போவாள்.

இந்த மழைக்காலத்தில், மலைப்பக்கம் நாள்கணக்கில் கொட்டித் தீர்த்த பிறகு, ஒரு மதிய வேளையில் அதிகாரி தாளைக் கொடுத்தார். பழைய தாள்தான், தேதி மட்டும் மாறியிருந்தது. “அணையின் நீர்மட்டம் உயர்ந்து வருவதால் உபரிநீர் எந்நேரமும் திறக்கப்படலாம். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” மாடியில் பொறியாளர்கள் அறைக்கும் தொலைபேசிக்குமாக ஓடுவது அவளுக்குக் கேட்டது. எப்போது திறக்கப்போகிறார்கள், எவ்வளவு திறக்கப்போகிறார்கள் என்று கேட்டாள். தனக்கே சொல்லவில்லை என்றார் அதிகாரி. கேட்டுப் பார்க்கிறேன், நீ போய்ப் படி என்றார்.

படித்தாள். யாரும் அசையவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “போன தடவையும் புலி வருதுன்னீங்க, பூனைகூட வரல” என்றார். கடையில் உட்கார்ந்திருந்த தச்சர், “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, நீ போம்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது சுற்று வந்தபோது ஆறு செம்மண் நிறமாகிப் படித்துறையின் மேல்படியை நக்கிக்கொண்டிருந்தது. அப்போதும் ஒரு வீட்டில் ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் படிப்பதை நிறுத்தினாள். ஹாரனிடம் வேனை நிறுத்தச் சொல்லி, மழையில் இறங்கினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அறிவிப்புக்கு நடுவில் அவள் கீழே இறங்கியது அன்றுதான். ஏன் கிளம்பவில்லை என்று ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டாள். அவர்கள் வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் அதுவரை அலுவலகத்தில் எல்லாரையும் போல அவளும் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டார்கள். சாமான்களுக்கு யார் காவல் என்று கேட்டார்கள். தச்சரின் அம்மா படுத்த படுக்கை, தூக்க நான்கு ஆள் வேண்டும், தூக்கி எங்கே கிடத்துவது? வெங்காயம் நறுக்கியவள், தண்ணீர் வருவது ராத்திரிக்கென்றால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்பலாமே என்றாள்.

அவள் வேனுக்கு ஓடிவந்து அதிகாரியை அழைத்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். பழக்கதோஷத்தில் மைக்கைக் கையில் எடுத்துச் சுவிட்சைப் போட்டாள், மறுபடி அதே தாளையா படிப்பது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அதிகாரியே அழைத்தார். மழைச் சத்தத்தில் காது கேட்காமல், அவள் போனின் ஸ்பீக்கரைப் போட்டாள். மைக் மடியில் கிடந்தது.

“நீ இன்னும் அங்கயா இருக்க?” என்றார் அதிகாரி. “ரெண்டு மதகு எப்பவோ தூக்கியாச்சும்மா. மீதியையும் தூக்கப் போறாங்க. கரை தாங்காதுன்னு மேல எல்லாருக்கும் நடுங்குது. வேனைத் திருப்பிக்கிட்டு வந்துடு. உனக்குப் பொண்ணு இருக்கு.”

“சார், இங்க ஒருத்தரும் கிளம்பலயே. ஸ்கூல் திறந்திருக்கான்னு கேக்கறாங்க.”

“அதெல்லாம் என் கையில இல்ல. அறிவிப்பு கொடுத்தாச்சுல்ல? ரெக்கார்டுக்கு அது போதும். வந்துடு.”

ஹாரன் அவள் மடியைக் காட்டினார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கக் கேட்டுவிட்டது.

கதவுகள் திறந்தன. யாரும் கத்தவில்லை, அழவில்லை. வெங்காயக்காரி அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அத்தனை தடவை கணீரென்று படித்ததை நம்பாத தெரு, தன் காதுக்கென்று சொல்லப்படாத பேச்சை நம்பியது. தச்சரும் டீக்கடைக்காரரும் படுக்கையோடு கிழவியைத் தூக்கி வந்து வேனில் கிடத்தினார்கள்.

அவள் அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். மாமா முன்னறையில் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

“நீ அக்காவக் கூட்டிட்டுப் போம்மா. இந்த மூட்டைய மட்டும் பரண்ல ஏத்திட்டு வந்துடறேன்.”

“துணி போனாப் போகுது மாமா, வாங்க.”

“எல்லாம் ஊரார் துணி. இன்னொரு தடவ வீடு வீடாப் போய் என்னால நிக்க முடியாதும்மா.”

கோபமாகச் சொல்லவில்லை, முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வருகிறேன், வருகிறேன், பின்னாலேயே வருகிறேன் என்றார். வேனில் கிழவிக்கு மூச்சு இரைத்தது. ஹாரன், வாழ்க்கையில் முதல் தடவையாக, விடாமல் ஹாரன் அடித்தார். அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடந்தது. தச்சர் பூட்டைக் கல்லால் உடைத்தார். எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது தெருமுனை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. வேன் அதற்கு மேல் போகவில்லை. அவள் மைக்கில் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிக் குரல் போகிற வரைக்கும் கூப்பிட்டாள்.

மழை விட்ட பிறகு மாமாவைப் படித்துறைக்கு வெகுதூரம் கீழே, ஒரு பாலத்தின் தூணருகே கண்டெடுத்தார்கள். மூட்டையை ஏற்றிவிட்டு இறங்கி நடந்திருக்கிறார், வெள்ளத்தின் இழுப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. பரணில் துணி நனையாமல் இருந்தது. யார் யாருடையது என்று பார்த்துப் பிரித்து, அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

உரிய நேரத்தில் அறிவிப்பு செய்யப்பட்டதாகவும், எச்சரிக்கையை மீறித் தங்கிய ஒருவர் தவிர அனைவரும் காப்பாற்றப்பட்டதாகவும் அலுவலகம் செய்தி வெளியிட்டது. அலுவலக உரையாடலைப் பொதுவில் ஒலிபரப்பியதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது அவர், அன்றைக்கு மைக் அணைந்திருந்தால் தெருவே போயிருக்கும் என்று அவளிடம் தனியாகச் சொன்னார். அதை விசாரணையில் சொல்வீர்களா என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

அக்கா அவளோடு வந்து தங்கினாள். சமைத்தாள், பிள்ளைக்குத் தலை வாரினாள். ஒருநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு, “மதகை எப்பவோ தூக்கியாச்சுன்னாரே, எப்போன்னு அணை ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன்” என்று கிளம்பினாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் இவளும் கூடப் போனாள். பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று வாசல் காவலர் சொன்னார். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள். தன்னோடு ஒரே பெஞ்சில் டீ குடித்தவர்கள் தன்னைத் தெரியாதவர்கள் போலக் கடந்து போவதை இவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதிதாக வந்த மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு பெண். ஒரு நாள் அவளே வாசலுக்கு வந்து, இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய், ஒழுகும் மூலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

“சொல்லுங்கம்மா.”

இவள் அக்காவையே பேசவிட்டாள். அன்றைக்கு மதகை எத்தனை மணிக்குத் தூக்கினார்கள் என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண், தனக்குத் தெரியாது என்றாள். மேலே கேட்டதாகவும், இதுவரை சொல்லவில்லை என்றும், திரும்பக் கேட்பதாகவும் சொன்னாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“நாளைக்கும் வருவேன்” என்றாள் அக்கா.

“வாங்கம்மா.”

மறுநாள் நல்ல மழை. ஒரே குடையில் இரண்டு பேரும் போனார்கள்.