ஒரு பிரசவமும் இரண்டு தேர்தல் அறிக்கைகளும்

"ஏனுங்க டைலரண்ணா, யாருக்கு ஓட்டுப் போட்டா எங்க மலைக்கு ஒரு டாக்டர் வருவாரு?"

தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு சந்தை நாளில், கடைக்குள் வந்ததும் வராததுமாக மாதம்மா இப்படிக் கேட்டார். பென்னாகரத்தை ஒட்டிய மலையில் ஒரு ஊர் அவருக்கு. சந்தைக்குப் புளி கொண்டு வரும்போது என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்.

"என்னையா கேட்கறீங்க?"

"நீங்கதான் புக்குல எழுதுறீங்களே. உங்களுக்குத் தெரியாமலா?"

வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் – நான் அஞ்சாம் கிளாஸ். கடையில் யாராவது அரசியல் பேச ஆரம்பித்தால், தையல் மெஷினை வேகமாக மிதிக்கிற ஆள். அந்தச் சத்தத்தில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்க முடியாது பாருங்கள்!

ஆனால் அன்று கால் மிதிக்கவில்லை. மாதம்மாவின் மருமகள் கவிதாவுக்கு ஒன்பதாம் மாதம். முதல் குழந்தை மலைப்பாதையிலேயே, பாதி வழியில் பிறந்தது. மேலே ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். சிக்கல் என்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

"இந்தப் பிரசவத்துக்குள்ள எந்த டாக்டரும் வந்துர மாட்டாருன்னு எனக்கும் தெரியும்ணா. அடுத்து சின்ன மருமக இருக்கா. ஊர்ல இன்னும் எத்தன பொண்ணுங்க..."

"பார்த்துச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, எதைப் பார்ப்பது?

பக்கத்தில் செருப்புக் கடை ரஃபீக் பாய் ஒரு கட்சி. எதிரில் டீக்கடை முருகேசன் இன்னொரு கட்சி. இருவரிடமும் தேர்தல் அறிக்கை வாங்கி வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தேன். ஒரு கட்சி தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுப்படுத்துமாம். இன்னொன்று அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் கொண்டு வருமாம். இரண்டும் நல்லதுதானே? நான் படித்த காலத்தில் கரும்பலகையே பாதி வெள்ளையாக இருந்தது.

அடுத்தது வரி. ஒருவர் வரியைக் குறைப்பேன் என்கிறார். நூல், ஜிப், லைனிங் எல்லாம் விலை குறையும்... சந்தோஷமாகத்தான் இருந்தது. உடனே ஒரு சந்தேகம். எல்லா வரியையும் குறைத்துவிட்டால், மலைக்கு வரப்போகிற டாக்டருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? மற்றவர், டெல்லியிலிருந்து நம் பங்கு வரியை வாங்கி வருவேன் என்கிறார். அவர்கள் தராவிட்டால்? அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அங்கே விவசாயம் வந்துவிட்டது.

சட்டை என்றால் பரவாயில்லை. அரைகுறையாக இருக்கும்போதே ட்ரையல் போட்டுப் பார்த்து, தோளில் இழுத்தால் பிரித்துவிடலாம். இதைப் போட்டுப் பார்க்கவே முடியாது. பிடிக்கவில்லை என்றாலும் அஞ்சு வருஷம் உடம்பிலேயே கிடக்கும்!

சரி, கட்சிக்காரர்களையே கேட்டுவிடலாம் என்று வெட்கத்தை விட்டுக் கிளம்பினேன்.

"பாய், மலைக்கு டாக்டர் வருவாரா?"

"எங்க இன்சூரன்ஸ் தொகையப் பாருங்க மாஸ்டர்! எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியா இருந்தாலும் போலாம்."

"போலாங்க... எதுல போறது?"

பாய் ஏற்கெனவே துடைத்து வைத்த செருப்பை இன்னொரு தடவை துடைத்தார். "முருகேசன் டீ குடிச்சதும் மாறிட்டீங்க" என்றார்.

முருகேசனிடம் போனேன்.

"வூட்டுக்கே வந்து மருந்து குடுப்போம்னு போட்டிருக்கோமேண்ணா!"

"மருந்து சரி. பிரசவம்?"

"அண்ணா... நீங்க பாய் கட்சியா?"

ஒரே கேள்விக்கு இரண்டு பக்கமும் நான் எதிரி ஆகிவிட்டேன். இத்தனைக்கும் நான் கொடிகூடத் தைத்ததில்லை.

அடுத்த சந்தைக்கு மாதம்மா வந்தபோது உண்மையைச் சொன்னேன். "படிச்சுப் பார்த்தேங்க. இன்னும் குழப்பந்தான்."

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "விடுங்கண்ணா. எங்க வூட்டுல நாலு ஓட்டு. ரெண்டு அவுங்களுக்கு, ரெண்டு இவுங்களுக்குப் போட்டுர்றோம். எவன் வந்தாலும் எங்க டாக்டருன்னு கேட்கலாமில்ல?"

அட! எனக்குத் தோன்றவே இல்லையே?

தேர்தல் வந்தது. நானும் வரிசையில் நின்று ஒரு பட்டனை அழுத்திவிட்டு வந்தேன். எதை என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்டுவிட்டால் பதில் இல்லை.

இந்த வாரம் மாதம்மா ஒரு பழைய காட்டன் புடவையோடு வந்தார். பேத்திக்கு ஜபலா தைக்க வேண்டுமாம். புடவையை நீட்டிய கையைப் பார்த்தேன். விரலில் மை இல்லை.

"ஓட்டுப் போடலையா?"

"எங்கண்ணா போட்டோம்!"

ஓட்டுப் பதிவு அன்று காலையிலேயே கவிதாவுக்கு வலி கண்டுவிட்டது. கீழே கொண்டு போகச் சொல்லிவிட்டார் நர்ஸ். ஆம்புலன்ஸுக்குப் போன் போட டவர் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, ஓட்டுப் போடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கட்சி ஜீப் வந்திருக்கிறது. மாதம்மா நடுப்பாதையில் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, பூத்து மேல இருக்குது. நீங்க கீழ போகச் சொல்றீங்க" என்று கெஞ்சினானாம் கட்சிப் பையன்.

"ஓட்டு அடுத்த தடவையும் போடலாம். புள்ள அடுத்த தடவை வருமாடா?"

ஜீப்பில் இருந்தவர்கள் இறங்கி இடம் விட்டார்கள். வீட்டு ஓட்டு நாலும் அதே ஜீப்பில் மலை இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

என் குழப்பம் தீர ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "எந்தக் கட்சி ஜீப்புங்க அது?"

"கொடி கட்டியிருந்துச்சு. என்ன கலருன்னு யாரு பார்த்தா? நான் அவ கையப் புடிச்சிக்கிட்டிருந்தேன்."

ஓட்டு இன்னும் எண்ணவில்லை. ஜெயிக்கப் போகிறவர்களுக்கு, அது யாராக இருந்தாலும், ஒரு வார்த்தை – தேர்தல்தான் முடிந்துவிட்டதே என்று அந்த ஜீப்பை மலையிலிருந்து இறக்கிவிடாதீர்கள்!