பரவிடுச்சுன்னா, எங்கேன்னு கேளுங்க

கதீஜா இன்று காலை போய்விட்டாள். நன்னிலம் கடைத்தெருவில் என்னோடு ஒரே தையல் கடையில் மிஷின் மிதித்தவள்.

"மார்பு கேன்சர், பரவிடுச்சு, இத்தனை நாள் இருந்ததே பெருசு" என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது…

முதல் தடவை பரவியபோது நான்தான் கும்பகோணத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"எலும்புல மட்டும்தாம்மா இருக்கு. ஈரல், நுரையீரல், மூளை எதுலயும் இல்ல. இந்த மாதிரி இருக்குறவங்க நிறைய பேர் மாத்திரை, ஊசியோட பல வருஷம் நல்லா இருக்காங்க. ஆனா பசி போச்சு, கண்ணு மஞ்சளாச்சுன்னா உடனே வரணும். ஈரலுக்குப் போனா கதையே வேற."

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஊரில் ஒரே வார்த்தை. பரவிடுச்சு.

எங்கே என்று ஒருவர் கேட்கவில்லை. ஆப்பிளும் ரொட்டியுமாகக் கடைசி முகம் பார்க்க வந்துவிட்டார்கள்.

வந்தவர்களுக்கு அவள் ரவிக்கை அளவு எடுத்தாள். "சும்மா ஏன் அழுவுறீங்க, கையத் தூக்குங்க. வெள்ளிக்கிழமை தந்துடுறேன்." அழ வந்த ஒரு மாமி மூன்று ரவிக்கைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் வருஷக்கணக்காகத் தைத்தாள். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு… பெங்களூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த என் பேத்தி முதல் நாள் போட்டுப் போன சுடிதார் இவள் தைத்தது. எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்களாம்.

இந்த மழைக்காலத்தில் அவளுக்குச் சோறு பிடிக்காமல் போனது. கண்ணிலும் மஞ்சள். ஷார்ஜாவில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அதான் முன்னாடியே பரவுனதாச்சேம்மா. புதுசா என்ன ஸ்கேன்? நான் லீவுல வந்து பாத்துக்குறேன்."

போனை வாங்கினேன். "தம்பி, அது எலும்பு. இது ஈரலோன்னு பயமா இருக்குப்பா."

"எல்லாம் ஒரே கேன்சர்தான் பெரியம்மா. நீங்க அவங்கள பயமுறுத்தாதீங்க."

கார் சொல்லி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் ஏறவில்லை. "மவன் சொல்லிட்டான்டி. அவன மீறி வந்தா வருத்தப்படுவான்."

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வயிறு வீங்கிய பிறகுதான் கார் ஏறினாள். டாக்டரம்மா என்னைத்தான் முறைத்தார். "ஈரலுக்குப் போயிடுச்சே. அப்பவே வந்திருந்தா மருந்த மாத்திப் பாத்திருக்கலாமே. இப்ப உடம்பு தாங்காதே."

"பரவுன கேன்சர்தானே" என்று யாரும் இதற்குக் கீழே எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவேன்.

சாயங்காலம் அடக்கம் முடிந்துவிட்டது. மகன் இப்போதுதான் திருச்சியில் இறங்கினானாம். "அம்மாவுக்கு திடீர்னு என்னாச்சு பெரியம்மா?" என்று போனில் கேட்டான்.

திடீரென்று…

போனை அவன் மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

போய் வா கதீஜா.