ஓரம் செத்த ஃபிலிம்

காலாவதியான மருந்தைச் சாப்பிட்டால் ஆள் காலி. காலாவதியான ஃபிலிமைக் காமிராவில் போட்டால்...? என் ஆபீஸ் பாட்டை வாராவாரம் கேட்கும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

செங்கல்பட்டில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். ஆபீசருக்கு மாற்றல் வந்தது. போன மாதம் மகாபலிபுரத்தில் பிரிவு உபசாரம் வைத்தோம். புளியோதரை, வடை, கடைசியில் குரூப் போட்டோ. வழக்கமாக வரும் ஸ்டூடியோக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாக்ஸ் காமிரா வைத்திருந்த பாவத்துக்கு நான் மாட்டிக்கொண்டேன்.

புது ஃபிலிமுக்கு எங்கே போவது? இறக்குமதிக் கெடுபிடி! பட்டணத்துப் பழைய சாமான் கடையில் இரண்டு ரோல் கிடைத்தன — தேதி கழிந்து நாலு வருஷம். ஒன்றை முன்னாடியே எடுத்துக் கழுவிப் பார்த்தேன். படத்தின் இரண்டு ஓரமும் ஒரே புகை. நடுப்பாகம் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

இந்தச் சமயத்தில் பியூன் ஏகாம்பரம் என்னிடம் வந்தார். இருபது வருஷமாக எல்லா குரூப் போட்டோவுக்கும் நாற்காலி தூக்கிப் போடுகிறவர். ஒன்றில்கூட நின்றதில்லை. காரணம்? அவர் சேரிக்காரர். ஆபீஸ் தண்ணீர்ப் பானையையே அவர் தொடக் கூடாது. தீண்டாமை குற்றமென்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஹெட் கிளார்க்குக்கு அந்த சர்க்குலர் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

"சார், அடுத்த மாசம் ரிட்டேராவறேன். வூட்ல உன் போட்டோ ஒண்ணுகூட இல்லியேன்னு எம் பொண்ணு கேட்டுகினே கீது. இந்தத் தபா நானும் ஓரமா நின்னுக்கட்டுமா?"

ஓரமா...! இந்த ஃபிலிமில் இல்லாத இடம் அது ஒன்றுதானே?

"நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கடற்கரைக் கோயில் முன்னால் ஹெட் கிளார்க் ஐந்து நாற்காலிகளை வரிசை போட்டார். ஆபீசர் நடுவில், மற்றவர்கள் பதவிப்படி இரு பக்கமும். எனக்கோ ஒரே ஒரு படம்தான் பாக்கி. மற்றதையெல்லாம் கோயிலை எடுத்தே தீர்த்திருந்தேன். (எனக்குள்ளும் ஒரு கலைஞன் இருக்கிறான், என்ன செய்ய?)

"நாற்காலி இடத்தை அடைக்குது சார். எல்லாரும் எழுந்து ஒட்டி நில்லுங்க. ஓரத்துல நின்னா முகம் விழாது!"

"பின்னால போய் எடேன்யா!" என்றார் ஹெட் கிளார்க்.

"போனா முகமெல்லாம் கடுகாயிடும் சார்."

முகம் விழாது என்றதுதான் தாமதம் — மாலையும் கழுத்துமாக ஆபீசரே முதலில் எழுந்துவிட்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! அக்கவுண்டன்டும் டைப்பிஸ்டும் அவரை இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். ஆபீசரின் தோளுக்குப் பின்னால் ஒரு சந்து மிச்சமிருந்தது. ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அதில் நிறுத்தினேன்.

"அவனை ஓரமா நிக்கச் சொல்லுய்யா!" ஹெட் கிளார்க் சீறினார்.

"ஓரமே இல்லையே சார்!"

"யார் நின்னா என்னய்யா? வெயில் மண்டையைப் பொளக்குது. சீக்கிரம் எடு!" என்றார் ஆபீசர்.

க்ளிக்.

ஆபீசருக்கு வந்தது சமத்துவ எண்ணமா, தலைவலியா? எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று... நல்ல ஃபிலிம் கிடைத்திருந்தால் அவரவர் அந்தஸ்துக்குத் தக்கபடி தாராளமாகத் தள்ளி நின்றிருப்பார்கள். இடம் தட்டுப்பாடானால்தான் நம்மவர்களுக்கு ஒட்டி நிற்கத் தெரிகிறது. ரயிலில் மூன்றாம் வகுப்பைப் பாருங்களேன்!

பிரிண்ட் வந்தது. கோயிலைக் காணோம், கடலைக் காணோம், இரு பக்கமும் புகை மண்டலம். நடுவில் ஒன்பது முகங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. ஏகாம்பரம் தம் காப்பியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இன்னா சார், என்னெ நட்டநடுவுல வெச்சிட்டியே!"

கண் கலங்கிவிட்டது — அவருக்கும், எனக்கும்.

ஆபீஸ் சுவரில் மாட்டுவதற்கு முன் ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்து குசுகுசுத்தார். "அந்த ஆளை மட்டும் கத்தரிச்சுட முடியாதா?"

"தாராளமா சார். ஆனா ஆபீசரோட காதும் தோளும் கூடவே போயிடும்."

படம் முழுசாகத்தான் தொங்குகிறது. ஆபீசரின் காதை வெட்டத் துணிந்த ஹெட் கிளார்க் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை!