நாற்பதைத் தாண்டாத தவராசா

பாலையூற்றில் வாகனம் திருத்தும் கராச் நடத்தும் தவராசா, தம் ஐம்பத்தெட்டு வயதுவரை எந்த வாகனத்தையும் மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட்டியதில்லை. காரணமாகச் சொல்லத்தக்க விபத்து எதுவும் அவருக்கு நேர்ந்ததில்லை. சிலருக்குப் பூனையைக் கண்டால் ஆகாது. அவருக்கு நாற்பத்தொன்றைக் கண்டால் ஆகாது.

இதனை அவர் முப்பது ஆண்டுகளாக மறைத்து வந்தார். திருத்திய வாகனத்தை ஓடிப் பார்க்கப் புறப்படும்போது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி எஞ்சினை உறுமவைப்பார். வளைவைத் தாண்டியதும் ஊர்ந்து போய், சோமசேகரத்தின் தேநீர்க்கடையில் ஒரு பிளேன்ரீ குடிப்பார். பிறகு, காற்றில் பறந்து வந்தவரைப்போலத் தலைமுடியைக் கலைத்துவிட்டுக்கொண்டு திரும்புவார். மனைவி வள்ளிநாயகிக்கு மட்டும் உண்மை தெரியும். வேறு எவருக்கும் தெரியாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வேகத்துக்கு அஞ்சுபவன் என்று தெரிந்தால் எவன் வாகனத்தைக் கொண்டுவந்து விடுவான்?

அந்த நம்பிக்கைக்குச் சோதனை, கிண்ணியாவிலிருந்து ஒரு நீலக் காரில் வந்தது. அஸ்ஹான் என்னும் இளைஞன் அந்தப் பழைய காருக்குப் எஞ்சினின் வலுவைக் கூட்டும் புதிய ரேர்போ பூட்டி, ஸ்பிரிங்குகளை மாற்றி, அடியில் ஒரு கோழிகூட நுழைய முடியாத அளவுக்குத் தாழ்த்தியிருந்தான்.

“அண்ணன், அமத்தி மிதிச்சா மட்டும் கார் உதறுது. காலை எடுத்தா நிண்டுரும்,” என்றான்.

“சில்லுகளைப் பாத்தனீங்களோ, தம்பி?”

“கொழும்புல நாலு சில்லும் சரி பாத்தாச்சு. டயர் புதுசு. எஞ்சின் தாங்குற ரப்பரும் புதுசு. ஒண்டுக்கும் கேக்கல்ல.”

தவராசா காரை நிறுத்திவைத்தபடியே எஞ்சினை உறுமவைத்தார். உதறல் இல்லை.

“அப்ப எஞ்சின் இல்லை. சில்லெண்டால் காலை எடுத்தாலும் ஆடும். ரெண்டுக்கும் நடுவிலைதான் எங்கையோ கோளாறு,” என்றார்.

அதுவரை அவருடைய அறிவில் குறையொன்றும் இல்லை. பிறகு காரைத் தாமே ஓட்டிப் பார்த்தார். நாற்பதில் அது பட்டுப்போல ஓடியது.

“நாப்பதுல வராது அண்ணன். நான் ஓட்டுறன், நீங்க பக்கத்துல இருங்க. கப்பல்துறை நேர் றோட்டுல ஒருக்கா மிதிச்சுக் காட்டுறன்.”

தவராசா காரை ஒருமுறை சுற்றி வந்தார். மறுத்தால் குட்டு வெளிப்படும். ஏறினால் அவருடைய அலறலே அதனை வெளிப்படுத்தும்.

அப்போதுதான் வாயிலில் நின்ற மூன்று பெண்களை அவர் கண்டார். திரியாயிலிருந்து வந்திருந்த தன் தங்கைமார் இருவரோடு, கப்பல்துறையில் ஒரு புதுவீட்டில் நடக்கும் குடிபூரலுக்குச் செல்ல வள்ளிநாயகி பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். அருகில் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு பூசணிக்காய்களும் இருந்தன. பின்னால் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு எந்த நல்ல பிள்ளையும் பறக்கமாட்டான் என்று தவராசா கணக்குப் போட்டார்.

“எல்லாரும் ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறம்!” என்று கூவினார்.

“அத்தான், இதென்ன, பாயிலை இருக்கிறமாதிரிக் கிடக்கு?” என்றாள் இளைய மைத்துனி சிவரூபி.

“விலைகூடின கார் அப்படித்தான் இருக்கும். பேசாமல் இரும்.”

கணக்குப் பிழைக்கவில்லை. அஸ்ஹான் மரியாதையாக முப்பதில் ஓட்டினான். ஒரு சிறிய ஏற்றத்தில் மாடுகள் குறுக்கிட்டன, கார் நின்றது. மாடுகள் போனதும் அவன் மெல்ல எடுத்தான். பத்தைத் தொடுவதற்குள் கார் அடியிலிருந்து கடகடவென்று உதறத் தொடங்கியது. பூசணிக்காய் ஒன்று மடியிலிருந்து உருண்டு விழுந்தது.

“ஐயோ, முருகா!” என்று பின்னாலிருந்து மூன்று குரல்கள் எழுந்தன.

“அண்ணன், இதான்! இதே உதறல்தான்!” என்று அஸ்ஹான் கத்தினான்.

பத்தில்! தவராசா அச்சத்தை மறந்தார்.

“எல்லாரும் இறங்குங்கோ!”

வெறும் காரை அதே ஏற்றத்தில் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. சிவரூபியை ஏற்றினார்கள், இலேசாக முனகியது. மூவரையும் மூட்டையையும் ஏற்றினார்கள், மறுபடியும் உதறியது.

“இஞ்சேருங்கோ, நாங்கள் குடிபூரலுக்கு வெளிக்கிட்டனாங்களோ, நிறுவைக்கு வந்தனாங்களோ?” என்றாள் வள்ளிநாயகி. “எங்களையும் பூசணிக்காயையும் ஒரே தராசிலை போடுறியளே!”

“உங்களாலைதான் பிடிபட்டது,” என்றார் தவராசா பெருமிதத்தோடு. “அமத்தி மிதிச்சால் காரின்ரை பின்பக்கம் பதியும். நீங்கள் ஏறி, ஏத்தத்திலை எடுத்தாலும் பதியுது. பதியேக்கை, கியர்ப்பெட்டியிலை இருந்து பின்சில்லுக்குப் போற நீட்டுத் தண்டு கோணலாகுது. காரைத் தாழ்த்தேக்கை தண்டின்ரை நடுவிலை இருக்கிற தாங்கியை ஒருத்தரும் கவனிக்கேல்லை.”

பெண்களைக் கப்பல்துறையில் இறக்கிவிட்டுத் திரும்பி, அவர் அந்தத் தாங்கிக்கும் காரின் அடித்தளத்துக்கும் இடையில் இரண்டு இரும்புத் தகடுகளை வைத்து முடுக்கினார். தண்டு நேரானது. பெண்கள் பிற்பகலில் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வேலை முடிந்திருந்தது.

“இனி ஏறுங்க அண்ணன். அமத்தி மிதிச்சுப் பாத்தாத்தான் நிச்சயம்,” என்றான் அஸ்ஹான்.

இம்முறை ஏற்றுவதற்கு மூட்டையும் இல்லை. சொல்வதற்குச் சாட்டும் இல்லை. தவராசா கைகளைத் துடைத்தார். துடைத்த கைகளையே மறுபடியும் துடைத்தார்.

“தம்பி, எனக்கு வேகம் ஏலாது. பயம்,” என்றார்.

“அது தெரியும்தானே, அண்ணன்.”

“ஆர் சொன்னது?”

“சொல்லணுமா? சோமசேகரம் ஐயாட கடை றோட்டுக்கரையிலதானே இருக்கு. நீங்க பிளேன்ரீ குடிக்கிறத பஸ்ல போற அவ்வளவு பேரும் பாக்குறாங்க. மத்த இடத்துல விட்டா காரை ஊரெல்லாம் பறக்க விட்டுருவாங்களாம். உங்கட்ட விட்டா பத்திரமா வருமாம். உம்மா அதுக்குத்தான் இங்க அனுப்பின.”

முப்பது ஆண்டுகளாகக் கலைத்துவந்த தலைமுடியைத் தவராசா மெதுவாகத் தடவிப் படியவைத்துக்கொண்டார்.

“அப்ப நான் பாக்கிறன்,” என்றது ஒரு குரல். வள்ளிநாயகி முன்னாசனத்தில் ஏற்கெனவே ஏறி அமர்ந்து, பட்டியையும் பூட்டியிருந்தாள்.

கார் உறுமிக்கொண்டு வளைவில் மறைந்தது. தவராசா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. வள்ளிநாயகியின் கொண்டை அவிழ்ந்து, கூந்தல் உண்மையாகவே கலைந்திருந்தது.

“உதறினதோ?”

“துளியும் இல்லை,” என்றவள் இறங்கவில்லை, சற்றே யோசித்தாள். “ஆனாலும் ஒருக்காப் பாத்திட்டு நிச்சயமாச் சொல்ல ஏலாதப்பா. தம்பி, திருப்புங்கோ.”