குதிரைக்காரர் பிரித்துக் கட்டிய இன்ஜின்

குதிரைக்காரர் கைவைத்த இன்ஜின் கிளம்பினால், துறையில் கட்டிப்போட்ட மற்றப் படகுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். மீன்கள் கரையேறி நின்று வேடிக்கை பார்க்கும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மீன் கரையேறியதை யாரும் பார்க்கவில்லை. கயிறு அறுந்தது என்னவோ உண்மை, ஆனால் அது ஏற்கெனவே இற்றுப்போன கயிறு. இதையெல்லாம் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சும்: பழைய படகு இன்ஜினை அக்கக்காகப் பிரித்து, கூடுதல் குதிரைத்திறனோடு திரும்பக் கட்டித் தருவதில் அந்தத் துறையில் அவருக்கு இணை அவர்தான். பட்டப்பெயர் அப்படி வந்தது. மற்றபடி நிஜக் குதிரையின் கிட்டே கூட அவர் போனதில்லை. ஒருமுறை விளம்பரப் பலகையில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஆளு வாட்டசாட்டமா இருக்கு, ஆனா ஆயில் எங்க ஊத்துவாங்க?" என்றாராம்.

அவருடைய பட்டறை தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உத்தரத்தில் தொங்கும் சங்கிலிக் கப்பி, மண்ணெண்ணெய்த் தட்டு, சுவரோரம் போல்ட்டுகள் நிறைந்த பால் டப்பாக்கள். தரையில் ஒரு பழைய படுக்கை விரிப்பு எப்போதும் விரித்திருக்கும். கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அதில் அடுக்குவார். அந்த விரிப்பின் மேல் காலை வைத்தால் சொந்த மனைவிக்கும் வசவு விழும். "பொண்டாட்டிய மிதிச்சா கூடப் பரவாயில்ல, போல்ட்டை மிதிக்கக் கூடாது" என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஊருக்கெல்லாம் குதிரையைக் கட்டிக்கொடுத்த அந்த மனிதர், சொந்த அண்ணன் படகுக்கு மட்டும் கட்டிக்கொடுக்கவில்லை.

அண்ணன் எதிரே இருந்த தீவில் குடியிருந்தார். தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓர் இடுக்கு. கடல் அதற்குள் புகுந்து புறப்படும்போது நீரோட்டம் ஆளைத் தள்ளும். அந்த இடுக்கைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் அண்ணனின் பிழைப்பு. படகில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கிழடு. "எதிர் ஓட்டத்துல மூச்சு வாங்குதுடா, கொஞ்சம் வலுவாக்கிக் குடேன்" என்று தம்பியிடம் கேட்டார். "உன் படகு எங்கண்ணே ஓடிடப்போகுது, அப்புறம் பாக்கலாம்" என்றார் தம்பி. வாசலில் வேறு ஆட்களின் இன்ஜின்கள் காத்துக்கிடந்தன. அண்ணனும் இன்னொரு முறை கேட்கிற ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி இந்தக் கரையில். அண்ணிதான் சுக்கானைப் பிடித்தார். படகின் தரையில் தார்ப்பாயை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார் அண்ணன். எதிர் ஓட்டம். இடுக்கின் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

யாரும் குதிரைக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லி மனம் ஆறியிருப்பார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "இன்ஜினுக்கு வலு பத்தல, அதான் லேட்டாயிடுச்சு" என்று அவரேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அண்ணி தலையைக் குனிந்துகொள்வார். அது துக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு படகை ஓட்டியது அண்ணிதான். காற்றும் மழையும் ஓய்ந்த ஒரு நாள் குதிரைக்காரர் துறைக்குப் போய் நின்றார்.

"அண்ணி, இன்ஜினைக் கழட்டிக்கிட்டுப் போறேன்."

"எதுக்கு தம்பி? நல்லாத்தானே ஓடுது."

"எதிர் ஓட்டத்துல திணறுது."

"திணறினாலும் கரைக்குப் போய்ச் சேருதே" என்றவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டார். கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார். "சரி, எடுத்துக்கோங்க. பத்திரமா வந்து சேரணும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

இன்ஜின் விரிப்புக்கு வந்தது. குதிரைக்காரர் மனதில் ஒரே கணக்குதான். எந்த ஓட்டமானாலும் அதை இந்த இன்ஜின் ஜெயிக்க வேண்டும். அந்த இடுக்கின் நடுவே இன்னொரு உயிர் போகக் கூடாது. அதற்கு எவ்வளவு குதிரை வேண்டுமோ அவ்வளவையும் இதற்குள் அடைத்துவிட வேண்டும்.

கரியைச் சுரண்டினார், வால்வுகளை உரசிப் பதிய வைத்தார், பெரிய கார்புரேட்டர் தேடிப் பிடித்தார். சிலிண்டர்களின் உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போடுவதுதான் முக்கியமான வேலை. அதற்காக, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். லேத்துக்காரர் அவருக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"எவ்வளவு பெருசாக்கணும்?"

"கடைசி அளவு வரைக்கும்."

"யோவ், இது என்ன லாரி இன்ஜினா? காலம் பூரா உப்புத் தண்ணி குடிச்ச பிளாக். உள்பக்கம் பளபளன்னு இருக்கும். முதுகுப்பக்கம் எவ்வளவு அரிச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒரு அளவு கம்மியாப் போடு."

"நான் பாக்காத பிளாக்கா?"

"பாத்திருப்ப. இதை மட்டும் நீ கண்ணால பாக்கல, மனசால பாக்கற. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"வெட்டுய்யா. பொறுப்பு என்னுது."

லேத்துக்காரர் பிளாக்கை மெஷினில் ஏற்றினார். வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர் வேலை முடியும்வரை மௌனமாக நின்றது, அங்கிருந்தவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

சிலிண்டர்கள் முகம் பார்க்கிற கண்ணாடி போலத் திரும்பி வந்தன. மறுநாள் காலை, பிஸ்டனை இறக்குவதற்கு முன், குதிரைக்காரர் எப்போதும் செய்கிற சோதனையைச் செய்தார். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறையின் துவாரங்களையெல்லாம் அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி நிறைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்றாவது சிலிண்டரின் பளபளப்பான சுவரில் ஒரு துளி அரும்பியது. துணியால் துடைத்தார். திரும்பவும் அரும்பியது. துடைத்தார். பிறகு துடைக்கவில்லை.

லேத்துக்காரர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. உப்பு பின்னாலிருந்து தின்றிருந்தது; இவர் முன்னாலிருந்து சுரண்டினார். நடுவில் காகிதம் போல மிஞ்சியிருந்த சுவர் கசிந்துவிட்டது. அந்த மாதிரி இன்ஜின் இப்போது எங்கும் செய்வதில்லை. வேறு பிளாக்குக்கு எங்கே போவது?

அண்ணி வந்தபோது அவர் விரிப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தார், பாகங்களுக்கு நடுவே. அதைப் பார்த்தவுடனே அண்ணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. கொண்டுவந்த டீ பிளாஸ்க்கைக் கதவோரம் வைத்தார்.

"ஓட்டை போட்டுட்டேன் அண்ணி. அண்ணன் கேட்டப்ப செய்யல. கேக்காதப்ப செஞ்சு கெடுத்துட்டேன். அன்னிக்கு இந்த இன்ஜின் திணறாம இருந்திருந்தா..."

"தம்பி."

அவர் நிமிரவில்லை.

"அன்னிக்கு இன்ஜின் திணறல. நான்தான் வேகத்தைக் குறைச்சேன்."

வெளியே ஏதோ படகு கிளம்பும் சத்தம் கேட்டது. அண்ணி விரிப்பின் ஓரமாக உட்கார்ந்தார்.

"இன்ஜின் அதிர அதிர அவருக்கு வலி கூடுச்சு. மெதுவாப் போ, தாங்க முடியலன்னாரு. காதுல விழாத மாதிரி ஓட்டினேன். திரும்பச் சொன்னாரு. அப்பவும் ஓட்டினேன். அப்புறம் என் காலைப் புடிச்சாரு தம்பி. கட்டின நாள்லேருந்து என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டவர் இல்ல. குறைச்சுட்டேன். முகம் தெளிஞ்சுது. சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சேன்."

"ஏன் அண்ணி இத்தனை நாளா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வேகமாப் போயிருந்தா பொழைச்சிருப்பாரோ என்னவோ. டாக்டர்கிட்ட கேக்கவும் தைரியம் வரல. நீங்க இன்ஜின் மேல பழியைப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. நீங்க உள்ளுக்குள்ள இப்படி உருகுவீங்கன்னு தெரியாது."

 குதிரைக்காரர் எழுந்து, பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றி முதலில் அண்ணியிடம் நீட்டினார்.

"அண்ணன் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு. உங்ககிட்ட ஒண்ணு கேட்டாரு, குடுத்தீங்க. என்கிட்டயும் ஒண்ணு கேட்டாரு. நான்தான் குடுக்கல."

அண்ணி டீயை வாங்கிக்கொண்டார். அழுததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான், அவர் சொல்ல மாட்டார்.

லேத்துக்காரர் பிளாக்கைத் திரும்பப் பார்த்ததும் வாய் துறுதுறுத்தது. ஆனால் சிநேகிதரின் முகத்தைப் பார்த்து, சொல்ல வந்ததில் முக்கால் பங்கை விழுங்கினார்.

"எல்லாச் சிலிண்டருக்கும் உள்ள இரும்புச் சட்டை இறக்கிடலாம். ஓட்டை, மெலிவு எல்லாம் அதுக்குப் பின்னால போயிடும். ஆனா பழைய அளவுக்குத்தான் வரும். நீ சேர்த்த குதிரையெல்லாம் அவுத்து விட்டாச்சுன்னு வெச்சுக்கோ."

"ஓடட்டும். எனக்கு இப்ப வேற வேலை ஆகணும். அதிரக் கூடாது."

"என்னது?"

"இன்ஜின் அதிரவே கூடாது."

குதிரைக்காரர் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. வலுவைக் கூட்டத் தெரிந்த கைகளுக்கு அடக்கம் புதிது. பிஸ்டன்களைத் தராசில் வைத்து, கனமானதை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, எல்லாம் ஒரே எடைக்கு வரும்வரை விடவில்லை. பிளைவீல் சக்கரத்தை லேத்துக்காரர் சுழற்றிப் பார்த்துச் சமன்செய்தார். இன்ஜினின் காலடியில் புதிய ரப்பர் கட்டைகள். புரொப்பல்லர் தண்டும் இன்ஜினும் ஒரே நேர்கோட்டில் நிற்க, மெல்லிய தகடுகளை நுழைத்து எடுத்து நுழைத்து எடுத்து, படகின் வயிற்றுக்குள் குனிந்தே கிடந்தார். கார்புரேட்டரும் வால்வு வேலையும் பலன் தந்ததால் வலுவும் முன்னைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. "நல்ல குதிரையெல்லாம் ஓடிப்போச்சு, நொண்டி ரெண்டு தங்கிடுச்சு" என்றார் லேத்துக்காரர். அந்த வேலை தொடங்கியதிலிருந்து குதிரைக்காரர் சிரித்தது அதற்குத்தான்.

ஓட்டிப் பார்க்கிற நாளில், எதிர் ஓட்டம் பலமாக இருக்கும் வேளையாகப் பார்த்து அண்ணியை வரச் சொன்னார். அண்ணி சுக்கானைப் பிடித்தார். இவர் இன்ஜின் பக்கம் போகாமல், தார்ப்பாயை மடித்து, அண்ணன் படுத்திருந்த அதே இடத்தில் தலையை வைத்துப் படுத்தார்.  படகின் பலகையில் முதுகு பதிந்திருந்தது. இன்ஜின் எங்கோ தொலைவில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்டதே தவிர, பலகை நடுங்கவில்லை.

இடுக்கின் நடுவில் ஓட்டம் எதிர்த்து வந்தது. அண்ணி முழு வேகத்தையும் கொடுத்தார். படகு நிற்காமல், திணறாமல், வில்லிலிருந்து விட்ட அம்பாக அதைக் கிழித்துக்கொண்டு போனது. குதிரைக்காரர் அக்கரை வரும்வரை கண்ணை இமைக்காமல் வானத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு சிலிண்டரின் துடிப்பையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே கிடந்தார்.

இதையெல்லாம் எழுதி நான் வாசித்துக் காட்டியபோது அண்ணி பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதுவரை, மீன் கரையேறியதற்குக் கூட, வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்தார்.

"அம்பாவது வில்லாவது. வேகமெல்லாம் குடுக்கல. பாதி வழியிலயே நல்லாக் குறைச்சுட்டேன். அவர் தூங்கிட்டாரு. அவங்க அண்ணன் போனதுலேருந்து தம்பி சரியாத் தூங்கலன்னு அவர் பொண்டாட்டி சொல்லியிருந்தா. எழுப்ப மனசு வரல. அக்கரைக்கிட்ட வந்தும் கட்டாம, மெதுவா ஒரு சுத்து சுத்திக்கிட்டு வந்தேன்."